வன்னி முற்றத்தில் ஒரு 70 மில்லிமீற்றர் தொலைநோக்கி

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் வீட்டு முற்றத்தில் சில வருடங்களாகப் பாவித்து வரும் சின்னத் தொலைநோக்கி இது. முன்வில்லை 70 மில்லிமீற்றர், குவியத்தூரம் 700. கூட வந்த இரண்டு கண்வில்லைகளில் ஒன்று 28 மடங்கும் மற்றது 70 மடங்கும் பெருப்பித்துக் காட்டும். சூரியக் குடும்பத்தோடு பழகத் தொடங்க இது தாராளமாகப் போதும்.

சந்திரனை அட்டமியை ஒட்டிப் பாருங்கள். பறுவத்தன்று நிழலே இல்லாமல் எல்லாம் தட்டையாகத் தெரியும். வியாழனுக்கு அருகே, 1610இல் கலிலியோ கண்ட நான்கு நிலவுகளும் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்றான அயோ 42 மணித்தியாலத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும். பொழுதுபட்டதும் பார்த்துவிட்டு நடுச்சாமத்தில் மறுபடி பாருங்கள், இடம் மாறியிருக்கும்.

சனியைப் பார்க்க அம்மம்மா முதலில் வரமாட்டேன் என்றார், ஏழரைச் சனிப் பயம். சனி சூரியனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 29½ வருடம். அதைப் பன்னிரண்டு இராசிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு இரண்டரை வருடம், மூன்று இராசிக்கு ஏழரை. இந்தக் கணக்கைச் சொன்னதும் வந்து குனிந்தார். வளையத்தைக் கண்டபின் கண்ணை எடுக்கவே இல்லை. 2025இல் வளையத்தின் விளிம்பு பூமியை நோக்கித் திரும்பியதால் அது வெறும் கோடாக மெலிந்துபோனது. இனி வருடாவருடம் விரியும்.

செவ்வாய் பூமியை நெருங்கிவரும் காலம் தவிர, சின்னச் சிவப்புப் பொட்டுத்தான். யுரேனசும் நெப்டியூனும் வெறும் புள்ளிகள்.

நாங்கள் 9 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் கிரகங்கள் உச்சிக்குக் கிட்டவே கடக்கும். அங்கே குறுக்கே வரும் காற்றுமண்டலம் குறைவு, படம் அலையாது. ஆனால் குழாயை அவ்வளவு நிமிர்த்தினால் முக்காலியில் இடிக்கும். கிரகம் உச்சிக்கு வர ஒரு மணித்தியாலம் முன்பே பார்த்துவிடுவது சுகம். சோளகக் காலத்தில் முக்காலி நடுங்கும். கால்களை முழுதாக நீட்டாமல், நடுவில் ஒரு மண்மூட்டையைத் தொங்கவிடுங்கள். மாரியில் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள்.

சூரியனைப் பார்ப்பதென்றால் முன்வில்லையை முழுதாக மூடும் சூரிய வடிகட்டி கட்டாயம். அது இல்லாமல் ஒரு கணம் பார்த்தாலும் கண் போய்விடும். வாங்கும்போது, பெட்டியில் 500 மடங்கு என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். 70 மில்லிமீற்றர் வில்லையில் 140 மடங்கைத் தாண்டினால் படம் கலங்கிவிடும்.