சுடுதண்ணிக்கு வெயிலா, விறகா?

கொழும்பில் வீட்டைச் சூடாக்குவது பற்றி யாரும் யோசிப்பதில்லை, அது நுவரெலியாக்காரர் பாடு. ஆனால் குழந்தையோ மூட்டுவலிக்காரரோ இருக்கும் வீட்டில் குளிக்கச் சுடுதண்ணி வேண்டுமே.

சோலார் ஹீட்டருக்கு முதலில் கை நிறையக் காசு வேண்டும், அப்புறம் பெரிய செலவில்லை. சூடான தண்ணீர் இலேசாகித் தானாகவே மேலே உள்ள தாங்கிக்கு ஏறுவதால் பம்ப்கூடத் தேவையில்லை. ஆனால் வெள்ளவத்தை மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்று இரும்புக் கால்களை அரித்துவிடும், மே மாத மழை தொடர்ந்து பிடித்தால் வெதுவெதுப்புத்தான் மிச்சம். பிளாட்டில் இருந்தால் மொட்டைமாடி உங்களுடையதா என்பதை முதலில் பாருங்கள்.

விறகுக்கு வருவோம். 2022இல் காஸ் வரிசையில் நின்று அலுத்துப்போய், பின்வளவில் மூன்று கல் வைத்து, சிரட்டையும் பொச்சுமட்டையும் போட்டு எரித்தோம். பானையின் அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டால் கரி லேசாகக் கழன்றுவிடும், அது அம்மம்மா சொல்லித் தந்தது. மூன்று கல் அடுப்பில் சூட்டில் பெரும்பகுதி வெளியேதான் போகிறது, இருந்தும் ஒரு வாளித் தண்ணீரை இதமாக்க ஏறக்குறைய 1 கிலோ காய்ந்த விறகு போதும். ஈர விறகு என்றால் கண்ணெரிச்சல்தான், பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உடுப்பெல்லாம் புகை நாறும், சண்டையும் வரும்.

சொந்த வீடென்றால் நான் சோலார்தான் போடுவேன். மழை நாளுக்கு ஒரு சாக்குச் சிரட்டை கூரைக்குக் கீழே கிடக்கட்டும்.