பெட்டிக்குள்ளா, பாறை இடுக்கிலா? 'பரீட்', '127 ஹவர்ஸ்' ஒப்பீடு

இரண்டும் 2010-ல் வந்த படங்கள், இரண்டும் சுமார் ஒன்றரை மணி நேரம். இரண்டிலும் ஒற்றை ஆள் மாட்டிக்கொள்கிறான். ஒற்றுமை அதோடு சரி.

ரோட்ரிகோ கோர்டெஸின் 'பரீட்' சவப்பெட்டியை விட்டு வெளியே போவதே இல்லை. ஈராக்கில் உயிரோடு புதைக்கப்பட்ட ஒரு லாரி டிரைவர், கையில் லைட்டரும் செல்போனும். இங்கே வெளிச்சம்தான் திரைக்கதை: லைட்டரின் மஞ்சள், போன் திரையின் நீலம், ஒளிக்குச்சியின் பச்சை. லைட்டரைப் பற்றவைத்தால் கண் தெரியும், காற்று குறையும். போனில் பேசினால் உதவி வரலாம், பேட்டரி தீரும். நடுவில் வரும் பாம்பு மட்டும் தேவையில்லாத திணிப்பு. சவப்பெட்டி போதாதா என்ன?

டேனி பாயலின் '127 ஹவர்ஸ்' உண்மைக் கதை. 2003-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ப்ளூஜான் பள்ளத்தாக்கில் ஆரோன் ரால்ஸ்டனின் வலது கை பாறையில் சிக்கியது. பிழைத்தார் என்பது தெரிந்ததே. எப்படி என்பதில்தான் பதற்றம். தன் கையைத் தானே வெட்டினால்தான் விடுதலை. மழுங்கிய கத்தி எலும்பை அறுக்காது, ஆகவே முதலில் எலும்பை முறிக்க வேண்டும். நரம்பைத் தொடும் கணத்தில் வலியை ஒலியாகவே கேட்கவைக்கிறார்கள். இசை ஏ.ஆர். ரஹ்மான். ஆனால் நினைவுகளுக்கும் பிரமைகளுக்கும் படம் அடிக்கடி தாவுவதால் தனிமையின் இறுக்கம் தளர்கிறது.

தனிமைக்கு 'பரீட்' ஒரு படி மேல். ரத்தம் ஆகாதவர்களுக்கும் அதுதான். மூடிய இடம் என்றாலே மூச்சு முட்டுபவர்கள் மற்றதை எடுங்கள். 'பரீட்' பார்ப்பதானால் அறையை இருட்டாக்கிவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் பாதிப் படம் கறுப்பாகத்தான் தெரியும்.