அல்சைமர் கஃபேயா, பகல் பராமரிப்பு மையமா?

அம்மிச்சிக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்ததிலிருந்து கோபியில் அம்மாவால் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. பகல் பராமரிப்பு மையம் என்றால் காலையில் விட்டு சாயங்காலம் கூட்டி வரலாம், அம்மா கொஞ்சம் தூங்கலாம், அது பெரிய விஷயம். ஆனால் விட்ட முதல் நாளே அம்மிச்சி மிரண்டு, முந்தானையை முறுக்கிக்கொண்டு “ஊட்டுக்குப் போலாம் கண்ணு” என்றார்.

1997இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பேர் மீசன் என்ற உளவியலாளர் தொடங்கிய அல்சைமர் கஃபே வேறு மாதிரி: நோயாளியும் பார்த்துக்கொள்பவரும் சேர்ந்தே வந்து, காபி குடித்தபடி நோயைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசுவார்கள். பெரும்பாலும் மாதம் ஒருமுறைதான், அதனால் அம்மாவுக்கு ஓய்வு கிடைக்காது, சரி. ஆனாலும் ஊர் பேசுமே என்று மூடி மறைக்கும் நமக்கு முதலில் வேண்டியது இதுதான். இங்கே அப்படியொன்று நடத்த மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடமே போதும், அம்மிச்சியும் அங்கே கைவேலையாக ஏதாவது செய்யலாம். அரிசிம்பருப்புக்குப் பூண்டு கொடுத்தால் அம்மிச்சி இன்னும் பளிச்சென்று உரிக்கிறார்.