முந்திரிக் கொல்லையில் ஏடிவி: 610 மணி நேரம் ஓட்டிய பிறகு

கடலூர் மாவட்டம் காடாம்புலியூர் பக்கம் எங்களுக்கு ஏழு ஏக்கர் முந்திரிக் கொல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததில் அப்பா வளர்த்த மரங்கள் எல்லாம் வேரோடு சாய்ந்துவிட்டன. அதற்குப் பிறகு வைத்தது விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ-3 ஒட்டுக்கன்று. நல்ல காய்ப்பு. ஆனால் கிளை தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து படர்கிறது, டிராக்டரை உள்ளே விட்டால் முறியும். மார்ச் முதல் மே வரை கொட்டை பொறுக்கும் காலத்தில் மூட்டையெல்லாம் தலைச்சுமையாகத்தான் வெளியே வரும். இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்றுதான் 2023 தொடக்கத்தில் ஏடிவி, அதாவது பைக் மாதிரி உட்கார்ந்து கைப்பிடி பிடித்து கரடுமுரடான தரையிலும் ஓட்டும் நாலு சக்கர வண்டி, வாங்கினேன்.

570 சிசி பெட்ரோல் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். பெல்ட்டில் ஓடுவதால் கிளட்ச் கிடையாது, ஹை, லோ, நியூட்ரல், ரிவர்ஸ் அவ்வளவுதான். பெரும்பாலான ஏடிவிகளைப் பொதுச் சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது. நான் எடுத்தது டிராக்டர் பிரிவில் பதிவாகும் மாடல். விலை பேசும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஷோரூமுக்குப் பின்னால் கெட்டித் தரையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அதில் ஒன்றும் தெரியாது. வண்டியைக் கொல்லைக்கே கொண்டுவாருங்கள் என்று பிடிவாதமாகச் சொல்லி வரவழைத்தேன். பின் ரேக் தாங்கும் எடை 82 கிலோ. நம் ஊரில் கொட்டை மூட்டை 80 கிலோ. ஒன்றைக் கட்டிக்கொண்டு ஓடைச் சரிவில் ஏற்றினேன். பாதி ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாவது கைப்பிடியிலேயே தெரிந்தது. உடம்பை முன்னால் சாய்த்து, லோ கியரில், ஒரே அளவாக ஆக்சிலேட்டர் கொடுத்ததும் ஏறிவிட்டது. அந்த அரை மணி நேரத்தில்தான் வாங்கலாம் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து பின்னால் முழு மூட்டை ஏற்றினால் முன் ரேக்கில் 20 கிலோவாவது வைக்காமல் அந்தச் சரிவில் ஏறுவதில்லை.

பைக் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வண்டி சாயப் போகிற மாதிரி இருந்தால் நம் கால் தன்னால் தரைக்குப் போகும். இதில் காலை இறக்கினால் பின் டயர் குதிகால் மேல் ஏறிவிடும். கொல்லையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்குக் கற்றுக்கொடுத்தபோது முதல் இரண்டு வாரம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, என்ன ஆனாலும் காலை எடுக்காதீங்க." ஹெல்மெட் இல்லாமல் கிளைக்கு அடியில் போகவும் கூடாது, கண்ணில் குச்சி அடிக்கும்.

செம்மண்ணில் வண்டி அருமையாக ஓடுகிறது. தொல்லை கொடுப்பது தூசிதான். மே மாதத்தில் ஏர் ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே மிளகாய்த்தூள் கொட்டியது போல இருக்கும். வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்கிறோம். பக்கத்துச் சவுக்குத் தோப்பு வழியாகப் போனால் வேறு சிக்கல். ஊசி ஊசியான சருகு ரேடியேட்டர் இடுக்கில் செருகிக்கொண்டு, காற்றுப் போகாமல் இன்ஜின் சூடேறிவிடும். முதல் வருடம் சூடு விளக்கு எரிந்தபோது கூலன்ட் குறைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் பாய் முடைந்தது போலச் சருகு! பின்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சினால் வந்துவிடும். வாட்டர் சர்வீஸ் பம்பை நேராக அடித்தால் தகடு மடங்கும்.

டயர் விஷயம் யாரும் சொல்லித் தரவில்லை. இதற்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ காற்றுதான். பஞ்சர் கடைப் பையன் கார் டயர் மாதிரி 30 பிடித்துவிட்டான். திரும்பி வரும் வழியில் சின்னக் கல்லில் ஏறினாலே பந்து மாதிரி எகிறியது, திருப்பத்தில் பிடிப்பே இல்லை. குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்று வாங்கி ஷெட்டில் மாட்டிவைத்தேன். சீமைக் கருவேல முள்ளுக்கு ட்யூப்லெஸ் ஒட்டும் கிட் எப்போதும் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. சாத்தனூர் அணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்ததும் தென்பெண்ணைக் கரை ஊர்களெல்லாம் மிதந்தன. சித்தப்பா வீடு அந்தப் பக்கம்தான். தண்ணீர் வடிந்த பிறகு தெருவில் முழங்காலுக்குச் சேறு, பைக் போகாது. குடிதண்ணீர் கேனும் அரிசியும் ஏற்றிக்கொண்டு இந்த வண்டியில் நாலு நாள் போய்வந்தேன். இரண்டாம் நாள் ஒரு பள்ளத்தில் கால் வைக்கும் பலகைக்கு மேல் தண்ணீர் வந்தது. கரையேறியதும் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பெல்ட் பெட்டி மூடியின் ரப்பர் பிய்ந்திருந்ததால் உள்ளே தண்ணீர் புகுந்து பெல்ட் வழுக்கியிருக்கிறது. பெட்டிக்கு அடியிலுள்ள பிளக்கைத் திறந்தேன், ஒரு செம்பு அளவு கலங்கல் தண்ணீர் கொட்டியது. நியூட்ரலில் போட்டு விட்டுவிட்டு ஆக்சிலேட்டர் கொடுக்க, பத்து நிமிடத்தில் பிடிப்பு வந்தது. அந்த ரப்பரின் விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் உதிரி வந்து சேர ஐந்து வாரம் ஆனது. இந்த வண்டியில் எனக்கு இருக்கும் உண்மையான மனக்குறை இதுதான். இப்போது பெல்ட், ரப்பர், ஃபில்டர் மூன்றும் கூடுதலாக ஒரு செட் வாங்கி வைத்திருக்கிறேன். பெல்ட் 380 மணி நேரத்தில் மாற்றினேன்.

கடற்கரையில் ஓட்டினீர்களா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாழங்குடாப் பக்கம் ஒரே ஒருமுறை ஓட்டினேன். மணலில் நிறுத்திக் கிளம்பினால் புதையும், உப்பு பட்ட இடமெல்லாம் ஒரே வாரத்தில் துரு. அதைவிட முக்கியம், ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கரையில்தான் முட்டையிட வருகின்றன. மணலுக்குள் புதைத்த முட்டை மேலே போகிறவருக்குத் தெரியாது. இனி அங்கே ஓட்ட மாட்டேன், நீங்களும் ஓட்டாதீர்கள்.

வாங்க யோசிப்பவர்கள் ஐப்பசி மழை முடிந்ததும் எங்கள் கொல்லைக்கு வாருங்கள். மூட்டையைக் கட்டித் தருகிறேன். அதே ஓடைச் சரிவில் ஏற்றிப் பாருங்கள்.