ஓபினெல் 8, விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன்: பிரிட்டனில் பாக்கெட்டுக்கு எது?

ஓபினெல் 8-ஐக் குறை சொல்வது கஷ்டம். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் பிறந்த மடக்குக் கத்தி. பீச் மரப்பிடி, 8.5 செ.மீ. அலகு, பாக்கெட்டில் இருப்பதே தெரியாத எடை. அலகு மெலிசு என்பதால் தக்காளியில் நசுக்காமல் இறங்கும். இருந்தும், பிரிட்டனில் இருப்பவர் தினமும் கையோடு வைத்துக்கொள்ளக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். குறை கத்தியில் இல்லை; குற்றவியல் நீதிச் சட்டம் 1988, பிரிவு 139-இல் இருக்கிறது.

அந்தப் பிரிவின்படி, பொது இடத்தில் காரணம் எதுவும் காட்டாமல் வைத்திருக்கக்கூடியது மடக்கும் பேனாக்கத்தி மட்டும். வெட்டுவாய் 3 அங்குலத்தை, அதாவது 7.62 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. பலர் இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த நிபந்தனை நீதிமன்றத் தீர்ப்பில் வந்தது: எந்த நேரத்திலும் அலகை அப்படியே மடக்க முடிய வேண்டும். பொத்தானையோ வேறு எதையோ விடுவித்த பிறகுதான் மடங்கும் என்றால், எவ்வளவு குட்டியாக இருந்தாலும் அதற்கு இந்தச் சலுகை கிடையாது. தக்க காரணம் காட்ட முடியாமல் பிடிபட்டால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதிகபட்சம் நான்கு ஆண்டு சிறை.

ஓபினெல் 8 இரண்டு வகையிலும் அடிபடுகிறது. நீளம் கூடுதல். போதாததற்கு 1955-இல் சேர்த்த விரோப்ளாக் வளையம். அலகைத் திறந்து வளையத்தைத் திருகினால் பூட்டிக்கொள்ளும். வாங்குபவர்கள் ஏமாறுவது 8-இல் அல்ல, 6-இல். அதன் அலகு 7 செ.மீ.தான், அளவுக்குள் வருகிறதே என்று எடுத்துவிடுகிறார்கள். ஆனால் 6 முதல் மேலே எல்லாவற்றிலும் வளையம் உண்டு. "வளையத்தைத் திருகாமல் விட்டால் மடங்கும்தானே?" என்று வாதிடலாம். காவல் நிலையத்தில் உட்கார்ந்து வாதிட வேண்டியிருந்தால் அதுவே நஷ்டம். வளையத்தைக் கழற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் அலகைப் பிடித்து நிறுத்துவது வெறும் மர இறுக்கம்தான். ஓபினெல்தான் வேண்டும் என்றால் எண் 5 வாங்குங்கள்: 6 செ.மீ., வளையம் இல்லை.

இதே பள்ளத்தில் விழும் இன்னொரு பொருள் லெதர்மேன் வேவ் பிளஸ் என்ற பல்பயன் கருவி. அலகு 2.9 அங்குலம். விளம்பரத்தில் அளவைப் பார்த்தால் சரி. ஆனால் திறந்ததும் பூட்டிக்கொள்ளும். வேலைக்குக் கொண்டுபோகும் எலெக்ட்ரீஷியனுக்குத் தக்க காரணம் உண்டு. அதே கருவி சனிக்கிழமை இரவு அவர் காரில் கிடந்தால் நிலைமை வேறு. மறந்துவிட்டேன் என்பது மட்டும் காரணமாக எடுபடாது.

விக்டோரினாக்ஸின் சுவிஸ் பேனாக்கத்தியான ஸ்பார்ட்டனுக்கு வருவோம். மடக்கினால் 91 மி.மீ., சுமார் 60 கிராம். பெரிய அலகே 3 அங்குலத்துக்குள் அடங்கும், பூட்டு இல்லை, முதுகுப்பக்க வில் மட்டும். சட்டப்படி இதுதான் நிம்மதி. ஆயுதமாகப் பயன்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருந்தால் எந்தக் கத்தியும் குற்றம்தான், அது தனி விஷயம். பூட்டு இல்லாததற்கு ஒரு விலை உண்டு: நுனியால் குத்தித் துளைத்தால் அலகு விரல்மேல் மடங்கும். இழுத்து அறுக்க மட்டும் பயன்படுத்துங்கள். எஃகு கொஞ்சம் மென்மை; சீக்கிரம் மழுங்கும், சாணைக்கல்லில் அதைவிடச் சீக்கிரம் கூர் ஏறும். அழுக்கேறி இறுகினால் வெந்நீரில் திறந்து மூடிக் கழுவி, காயவைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். ஓபினெலின் மரப்பிடியோ ஈரம் பட்டால் உப்பி, அலகைத் திறக்கவிடாது. பிடியின் பின்முனையை மேசையில் தட்டித்தான் அலகை வெளியே வரவழைக்க வேண்டும். அதன் கார்பன் எஃகு வகையில் எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் துரு நிச்சயம்.

விற்பவர்களுக்கும் இந்த வித்தியாசம் முக்கியம். 3 அங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டில்லாத பேனாக்கத்திகளுக்கு 18 வயதுத் தடையிலிருந்து சட்டமே விலக்கு தருகிறது. ஆனாலும் பெரும்பாலான கடைகள் வயது கேட்கும். ஓபினெல் 8 போன்றவற்றை ஆன்லைனில் விற்றால் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: வாங்குபவர் வயதைச் சரிபார்க்கும் ஏற்பாடு, "உள்ளே அலகுள்ள பொருள் இருக்கிறது; 18 வயது நிரம்பியவரிடம்தான் கொடுக்க வேண்டும்" என்று பார்சல்மேல் தெளிவான எழுத்து, அப்படியே ஒப்படைப்பதற்கான ஏற்பாடு, லாக்கரில் போடாமை. 2019-இன் ஆயுதச் சட்டம் வந்த பிறகு வீட்டு வாசலில் வயதுச் சான்று பார்க்காமல் வைத்துவிட்டுப் போவதும் சிக்கல். அதனால் டெலிவரி நேரத்தில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பார்சல் திரும்பிப் போகும். பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொல்வதை நம்பியிருக்க வேண்டாம்.

அமெரிக்கத் தளங்களில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஸ்பிரிங் உதவியோடு திறக்கும் கத்திகளை வரவழைக்காதீர்கள். 14 ஜூலை 2021 முதல் விசைக்கத்தியின் (பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் கத்தி) வரையறை விரிந்துவிட்டது. லேசாகத் தள்ளிவிட்டால் மீதியை ஸ்பிரிங்கே திறந்துவிடும் வகையும் அதில் அடங்கும். இறக்குமதி மட்டுமல்ல, வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். ஓபினெல் 8-க்கு அந்த வம்பு இல்லை. சமையலறை இழுப்பறையில் தாராளமாக இருக்கலாம், கூடாரம் போடப் போகும்போது மூட்டைக்குள் கட்டிக்கொண்டும் போகலாம்.