ஃபேமிலிசர்ச்: மரத்தை நம்பாதீர்கள், பதிவேட்டைப் புரட்டுங்கள்

வம்சாவளி தேடக் காசே கேட்காத தளங்களில் ஃபேமிலிசர்ச்தான் பெரியது. ஒரு கணக்கு திறந்தால் போதும், கார்டு எண் எங்கேயும் கேட்பதில்லை. ரத்து செய்த பிறகும் ஓராண்டுச் சந்தாவை மொத்தமாக உருவிக்கொண்ட இன்னொரு தளத்தோடு (பெயர் வேண்டாம்) மல்லுக்கட்டிவிட்டு இங்கே வந்தவன் நான், அதனால் இதற்கே பாதி மதிப்பெண் போட்டுவிட்டேன்.

இலவசம் என்றால் யார் செலவு செய்கிறார்கள் என்ற கேள்வி வரும். மோர்மன் சபை என்று பொதுவாகச் சொல்வார்களே, அந்த அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரிவினர்தான். 1894-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு வம்சாவளிச் சங்கமாகத் தொடங்கி, 1938-இல் இருந்து உலகம் முழுக்கப் பிறப்பு, இறப்பு போன்ற பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் என்ற சிறு படச் சுருள்களில் படமெடுத்து, சால்ட் லேக் சிட்டி பக்கத்தில் மலையைக் குடைந்து கட்டிய காப்பகத்தில் அடுக்கி வைத்தார்கள். சுமார் 24 லட்சம் சுருள்கள். அவற்றை டிஜிட்டல் ஆக்கும் வேலை 2021-இல் முடிந்தது. இறந்த மூதாதையருக்காக ஞானஸ்நானம் போன்ற சடங்கு செய்வது அவர்களுடைய நம்பிக்கை, இத்தனை உழைப்பும் அதற்காகத்தான். யூத இனப்படுகொலையில் இறந்தவர்களுக்கும் இந்தச் சடங்கைச் செய்து எதிர்ப்பு கிளம்பி, 1995-இல் நிறுத்திக்கொள்வதாக ஒப்பந்தம் போட்ட கதையும் உண்டு. உறுத்தலாக இருந்தால் விலகிக்கொள்ளுங்கள், எனக்கு அந்தப் படங்கள் வேண்டும் என்பதால் இருக்கிறேன்.

உள்ளே போனதும் முதலில் இழுப்பது குடும்ப மரம். அங்கேதான் நிதானம் வேண்டும். ஆன்செஸ்ட்ரி என்ற கட்டணத் தளத்தில் ஆளுக்கொரு மரம்; இங்கே உலகத்துக்கே ஒரே மரம், நூறு கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள், இறந்தவர்களில் ஏறக்குறைய யாருடைய விவரத்தையும் கணக்கு வைத்திருக்கும் எவரும் திருத்தலாம். (உயிரோடு இருப்பவர்களின் விவரம் மற்றவர்களுக்குத் தெரியாது, அந்த மட்டும் நிம்மதி.) ஒரே பெயர், ஒரே ஊர், பத்து வருட இடைவெளியில் பிறந்த இரண்டு பேரை யாரோ ஒரு ஆர்வக்கோளாறு ஒன்றாக இணைத்துவிடுவார், அப்புறம் ஏழு வயதில் தாயான பெண்ணும், செத்து மூன்று வருடம் கழித்துப் பிள்ளை பெற்றவளும் மரத்தில் கிளை விடுவார்கள். தளமே சிவப்பில் எச்சரிக்கை காட்டும், ஆனாலும் அப்படியே கிடக்கும். யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு முழுதாக இருக்கிறது, பழையபடி மீட்டுவிடலாம், அவருக்குத் தளத்துக்குள்ளேயே செய்தியும் அனுப்பலாம். பதில் வருவது அவரவர் அதிர்ஷ்டம். என் சொந்த மரத்தை நான் அங்கே கட்டவில்லை, கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் என் கணினியிலேயே வைத்திருக்கிறேன். அடுத்தவர் போட்ட மரத்தைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே பதிவேட்டு ஆதாரம் இணைக்காத பெயரை நகல் எடுக்கவே எடுக்காதீர்கள்.

சரி, பதிவேடுகளுக்கு வருவோம், தளத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. தேடினால் வரும் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள் பலர், அது யாரோ படித்துத் தட்டச்சு செய்த சுருக்கம் மட்டுமே. ஒரு இறப்புப் பதிவுக்குச் சுருக்கத்தில் பெயர், தேதி, ஊர் என்று மூன்றே வரி இருந்தது. பதிவேட்டுப் பக்கத்தின் படத்தைத் திறந்தால் தகவல் சொன்னவர் கட்டத்தில் மருமகன் என்று ஒருவர், கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் "இது இன்னாருடைய குறி" என்று குமாஸ்தாவின் சாய்ந்த எழுத்து. மருமகன் என்றால் ஒரு மகள் இருந்திருக்க வேண்டும், அந்த மகள் எந்த மரத்திலும் இல்லை! முன்னும் பின்னும் நாலு பக்கம் தள்ளிப் பாருங்கள், அதே வீட்டில் அதே மாதம் இன்னும் இரண்டு சாவு பதிவாகியிருந்தால் ஊரில் ஏதோ நோய் புகுந்திருக்கிறது என்று நீங்களே ஊகித்துவிடலாம்.

தேடும்போது முதல் பெயரைக் காலியாக விட்டு அப்பா அம்மா பெயரை மட்டும் போட்டால் அவர்களுடைய பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். எழுத்துக்கூட்டல் சந்தேகமா, ஒரு எழுத்துக்குக் கேள்விக்குறியும், பல எழுத்துக்கு நட்சத்திரக்குறியும் போடுங்கள்.

2024-இல் வந்த முழு உரைத் தேடலைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன். பழைய கையெழுத்தை இயந்திரமே படித்து, பத்திரம், உயில் எல்லாவற்றின் உள்ளேயும் தேடுகிறது. உங்கள் பாட்டனார் வேறு யாருடைய கிரயப் பத்திரத்திலோ சாட்சியாக நின்றிருந்தால் பழைய முறையில் அவரைப் பிடிக்கவே முடியாது, இதில் சிக்குகிறார். பெயர்களைத் தாறுமாறாகவும் படிக்கிறது, அதனால் படத்தோடு ஒப்பிடாமல் எதையும் எழுதி வைக்காதீர்கள். எல்லாத் தொகுப்பும் இதற்குள் வந்துவிடவும் இல்லை.

எரிச்சல் என்றால் பூட்டிய படங்கள். பதிவேட்டின் உரிமையாளரோடு போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்து, சில படங்கள் வீட்டிலிருந்து திறக்காது, ஃபேமிலிசர்ச் மையத்துக்கோ அதோடு இணைந்த நூலகத்துக்கோ நேரில் போனால்தான் திறக்கும். சில அங்கேயும் திறக்காது. கேமரா படத்தின் மேல் சாவி தெரிந்தால் இப்படிப் பூட்டிய படம் என்று அர்த்தம். போவதற்கு முன்னால் சுருள் எண்ணையும் பட எண்ணையும் குறித்து எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே உட்கார்ந்து தேட ஆரம்பித்தால் மூடும் நேரம் வந்துவிடும்.