6,500 ரூபாய் டிரம்பெட்: ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எட்டாம் வகுப்பில் பள்ளி பேண்டில் சேர்ந்தபோது அப்பா வாங்கித் தந்த டிரம்பெட்டைப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை ஐந்து ஆண்டுகள் வாசித்தேன். வார நாள்களில் பள்ளித் திடலிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் பாடகர் குழுவிலுமாக அந்த ஒரே கருவி இரண்டு வேலை பார்த்தது. பேண்டில் சேரும் பிள்ளைக்கு எதை வாங்குவது என்று இப்போது உறவினர்களும் பங்கு மக்களும் என்னிடம் கேட்கிறார்கள். ஆளுக்கொரு முறை சொல்வதைவிட ஒரே முறை எழுதிவிடலாம் என்று தோன்றியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திடலில் வாசிக்க மட்டும் என்றால் இந்த விலைக் கருவியைத் தயங்காமல் வாங்கலாம். கோவிலில் கீபோர்டோடு சேர்ந்து வாசிப்பதென்றால், வாங்கிய விலைக்கு மேல் கொஞ்சம் பணமும் அதைவிட அதிகமாகப் பொறுமையும் தேவைப்படும்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம்தான் என்றாலும் வீட்டிலும் பூசையிலும் தமிழே புழங்கும். 2013 இறுதியில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாகும்வரை எங்கள் பக்கத்துப் பங்குகள் கோவை மறைமாவட்டத்தில் இருந்தன. மறைமாவட்டம் மாறிய பிறகும், பாட்டுப்புத்தகமோ மைக் செட்டோ வாங்க வேண்டுமானால் கோவை உக்கடத்துக்குப் பஸ் ஏறும் வழக்கம் மாறவில்லை. இந்த டிரம்பெட்டும் கோவையில் ஒரு கடையில் வாங்கியதுதான். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் அங்கே நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. கருவி வெளிநாட்டில் செய்தது என்று கடைக்காரர் அப்பாவிடம் உறுதியாகச் சொன்னார். மறுநாள் பள்ளியில் பேண்டு மாஷ் (ஆசிரியரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம்) அதைக் கையில் வாங்கி, புனலின் உட்புறத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மீரட்டில் செய்தது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். மீரட் என்பதில் குறை ஒன்றும் இல்லை. அங்குள்ள ஜாலி கோத்தி என்ற பகுதிதான் நாடெங்கும் கல்யாண ஊர்வலங்களில் வாசிக்கும் பேண்டுகளுக்குக் கருவி செய்து அனுப்புகிறது; கடைக்காரர் அதைச் சொல்லியே விற்றிருக்கலாம். பொய்க்காக நாங்கள் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தோம் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

கருவி மஞ்சள் பித்தளையில் ஆனது, மேலே லேக்கர் பூச்சு. சிவப்பு வெல்வெட் ஒட்டிய பெட்டி, எண் எதுவும் பொறிக்காத ஒரு மவுத்பீஸ், துடைக்க ஒரு துணி ஆகியவை உடன் வந்தன. வால்வு எண்ணெய் தரவில்லை. அந்தச் சிறு குப்பி இல்லாததன் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

திடலில் இந்த டிரம்பெட்டைப் பற்றி எனக்குப் புகாரே கிடையாது. எங்கள் மாஷ் போலீஸ் பேண்டிலிருந்து ஓய்வு பெற்றவர். நிமிடத்துக்கு 120 அடி என்ற நடைக்கு வாசிக்கும் மார்ச்சுகளை டிரம்பெட்டுக்கு எளிதான சுரங்களில் எழுதித் தருவார். சைடு டிரம்மும் பேஸ் டிரம்மும் பக்கத்தில் அதிர்ந்துகொண்டிருக்கும்போது, எட்டு டிரம்பெட்டில் ஒன்று சற்றே சுருதி ஏறியிருந்தாலும் அது யார் காதிலும் விழாது. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றியதும் தேசிய கீதத்தை வாசிக்கும் 52 நொடிகளில், மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் கேட்கும்படி ஒலி போய்ச் சேர வேண்டும். அதை இந்தக் கருவி குறைவில்லாமல் செய்தது. மாவட்டப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தின் பேண்டு மேளப் போட்டிக்கும் இதையே கொண்டு போனேன். வெயிலில் வரிசை வரிசையாகக் காத்து நின்றதில் லேக்கர் சூடேறி, கை பட்ட இடமெல்லாம் தழும்பு போல ஆனது. அதையும் குறையாக எழுத எனக்கு மனம் வரவில்லை, திடலில் கிடக்கும் கருவிக்கு அந்தத் தழும்பு வராமல் இருக்காது.

கோவிலுக்குள் நுழைந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே கதை வேறாகிவிட்டது. எங்கள் பாடகர் குழுவில் முன்பு ஆர்மோனியம் வாசித்த பெரியவர் ஒருவர் இருந்தார். வருகைப் பாடலை நான் வாசித்து முடித்ததும், “கண்ணு, இது தேரோட போறதுக்கு ஆகும், பூசைக்கு ஆகாது” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதற்கு ஒரு வரலாறே இருந்தது என்பது பின்னால் படித்தபோது தெரிந்தது. 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் திருச்சபை இசை பற்றி வெளியிட்ட அறிவுறுத்தலில், பேண்டுகள் கோவிலுக்குள் வாசிக்கக் கூடாது என்று தடுத்து, வெளியே நடக்கும் பவனிகளில் மட்டும் ஆயரின் அனுமதியோடு வாசிக்கலாம் என்று விட்டிருந்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடுதான் பைப் ஆர்கனுக்கு முதன்மை தந்துகொண்டே, தகுதியான பிற கருவிகளுக்கும் வழிபாட்டில் இடம் உண்டு என்றது. அந்தத் தகுதியை என் டிரம்பெட் சம்பாதிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதல் சிக்கல் கட்டை, அதாவது பாடலுக்கு வைக்கும் சுருதி. டிரம்பெட் பி ஃபிளாட் கருவி. நான் ‘சி’ என்று விரல் வைத்தால் வெளியே வருவது அதற்கு ஒரு முழுச்சுரம் கீழே உள்ள பி ஃபிளாட். ஆகவே கீபோர்டு இரண்டு கட்டையில் இருந்தால் நான் மூன்று கட்டையில் வாசிக்க வேண்டும். கீபோர்டு ஐந்தில் இருந்தால் நான் ஆறில். மாஷ் எழுதித் தரும் மார்ச்சுகள் விரல் அதிகம் புரளாத சுரங்களில் இருக்கும். கோவிலில் பாடுபவர்களின் தொண்டைக்கு ஏற்ப இரண்டு கட்டை வைத்தால், எனக்கு நான்கு ஷார்ப் உள்ள ‘இ மேஜர்’ வந்து சேரும். இது எந்த டிரம்பெட்டுக்கும் பொதுவான கதைதான். ஆனால் அந்தச் சுரங்களில் அடிக்கடி வரும் கீழ் ‘சி ஷார்ப்’புக்கு மூன்று வால்வுகளையும் சேர்த்து அழுத்த வேண்டும், அப்படி அழுத்தினால் சுரம் இயல்பாகவே மேலேறிவிடும். அதைச் சரிக்கட்டத்தான் மூன்றாவது ஸ்லைடில் (மூன்றாவது வால்வோடு இணைந்த, உள்ளும் வெளியும் நகரும் குழாயில்) விரல் மாட்டும் வளையம் வைத்து, வாசிக்கும்போதே அதை வெளியே தள்ளும்படி செய்கிறார்கள். என் கருவியிலும் வளையம் இருந்தது. ஆனால் ஸ்லைடு அசையவில்லை. இரண்டு குழாய்களும் ஒன்றுக்கொன்று இணையாகப் பொருத்தப்படாததால் அது இறுகியே வந்திருக்கிறது. மார்ச்சு வாசித்த ஆறு மாதமும் எனக்கு அது தெரியவே இல்லை. பட்டறையில் 700 ரூபாய் கொடுத்து நேராக்கிய பிறகுதான் அந்தச் சுரம் என் வசத்துக்கு வந்தது. வாங்கும்போது கடையிலேயே அந்த வளையத்தை இழுத்துப் பாருங்கள். இந்த மதிப்பீட்டில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது சிக்கல் வெப்பம். கீபோர்டின் சுருதி மின்சாரத்தில் வருவதால் காலையிலும் மதியத்திலும் ஒன்றாகவே இருக்கும். காற்றுக் கருவிக்கு அந்த வசதி இல்லை. காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் என்றால், 30 டிகிரியில் 349 மீட்டர். அந்த வித்தியாசம் சுருதியை ஏற்றிவிடும், வாசிப்பவனின் மூச்சுச் சூடும் அதோடு சேர்ந்துகொள்ளும். பாலக்காட்டுக் கோடை எப்படிப்பட்டது என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புனித வாரம் அந்தக் கோடையில்தான் வரும். புனித வியாழன் திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ பாடி முடிந்தால், ஈஸ்டர் இரவின் பாஸ்கா திருவிழிப்பில் அதே கீதம் மீண்டும் எழும்வரை மணியும் கருவிகளும் ஓய்ந்திருக்கும். முதல் ஆண்டு அந்த இரவில் மணிகள் முழங்க, விளக்குகள் எல்லாம் எரிய, இரண்டு நாள் ஓய்ந்திருந்த உதட்டோடு நான் ஊதிய முதல் சுரம் கீபோர்டுக்கு மேலே தனியாக நின்றது. கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று அம்மா சொன்னார். பாடகர் குழுவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டிரம்பெட்டின் குழாயை நீட்டினால் ஏறக்குறைய 148 சென்டிமீட்டர் இருக்கும். முதன்மை ஸ்லைடை ஒரு சென்டிமீட்டர் இழுத்தால் போகவும் வரவுமாக இரண்டு சென்டிமீட்டர் குழாய் கூடும், சுருதி இறங்கும். என் கருவியில் சாதாரண நாளிலேயே ஒன்றரை சென்டிமீட்டர் இழுக்க வேண்டியிருந்தது. ஏப்ரலில் இரண்டைத் தாண்டியது. அவ்வளவு இழுத்தபின் ஸ்லைடு தளர்ந்து ஆடத் தொடங்கியது. இதற்கும் கருவியையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். எண் இல்லாத அந்த மவுத்பீஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெரும்பாலான மாணவர்கள் வைத்திருக்கும் 7சி அளவில் ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கி மாட்டிய பிறகு சுருதி பெரிதும் அடங்கியது, விளிம்பு உதட்டை அறுப்பதும் நின்றது. ஐந்து ஆண்டுகளில் இந்தக் கருவிக்காகச் செய்த செலவுகளில் இதைப் போலப் பலன் தந்தது வேறெதுவும் இல்லை. மெதுவாக ஊதினால் ஒலி நடுங்கிக் கரகரப்பதும் பாதிக்கு மேல் குறைந்தது, முழுதாகத் தீரவில்லை. நற்கருணைப் பாடலுக்கு நான் கடைசிவரை வாசிக்கவே இல்லை.

வால்வு எண்ணெய்க்கு வருகிறேன். பெட்டியில் குப்பி இல்லாததால், வீட்டில் எதற்கும் எடுக்கும் தேங்காயெண்ணெயை நான் வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனுக்கும் விட்டேன். எங்கள் தோப்பு எண்ணெய்; அதைவிடச் சுத்தமானது கிடையாது என்பது என் வாதம். மாதக்கணக்கில் எல்லாம் நன்றாகவே ஓடியது. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும், டிசம்பரில் குளியலறைக் குப்பியை வெந்நீரில் வைத்து உருக்குவது எங்கள் வீட்டு வழக்கம்; இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கும் அறிவு எனக்கு அப்போது இல்லை. கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில் மறையுரை நீண்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சன்னல் வழியே அடித்துக்கொண்டிருந்தது. மறையுரையும் விசுவாச அறிக்கையும் முடிந்து காணிக்கைப் பாடலுக்கு எழுந்து அழுத்தியபோது இரண்டாவது வால்வு இறங்கியது, ஏறவில்லை. நான் உள்ளங்கையால் பிஸ்டனைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பாடல் முடிந்துவிட்டது. தப்பு முழுதும் என்னுடையது. ஆனால் 150 ரூபாய்க் குப்பி ஒன்றைப் பெட்டியில் வைக்காமல் மாணவருக்குக் கருவி விற்பது, திரி இல்லாமல் விளக்கு விற்பதைப் போன்றது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஒப்பிட்டுச் சொல்ல எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கருவி. கோவையில் படிக்கும் மாமா மகனிடம் யமஹாவின் மாணவர் மாடலான 2330 இருக்கிறது. பிளஸ் டூ விடுமுறையில் மூன்று வாரங்கள் அதை இரவல் வாங்கிப் பூசைக்கு வாசித்தேன். பிஸ்டன்கள் மோனெல் என்ற உலோகக் கலவையில் ஆனவை. விரலை எடுத்ததும் மேலே வந்து நிற்கும். மூன்றாவது ஸ்லைடு பட்டுப் போல வழுக்கியது. மெதுவாக ஊதும்போது ஒலி உடையவில்லை. அந்தப் பெரியவர் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை, பாடல் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்; அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். விலை என் கருவியைப் போலப் பல மடங்கு. பள்ளித் திடலில் புழுதியிலும் தள்ளுமுள்ளிலும் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க எனக்குத் துணிவு வராது. தேர்பவனியில் தெருத்தெருவாக ஊதிக்கொண்டு போன இரண்டு மணி நேரமும், பழைய கருவி வீட்டில் கிடக்கிறதே என்றுதான் இருந்தது. பவனிக்கு வேண்டிய அந்த முரட்டு ஒலி இதில் வருவதில்லை.

ஆகவே இரண்டு இடத்திலும் வாசிக்கப் போகும் பிள்ளைக்கு நான் இப்படிச் சொல்வேன். கையில் 10,000 ரூபாய் இருந்தால் எல்லாவற்றையும் கருவியில் போட வேண்டாம். 6,500க்கு இந்த வகைக் கருவியை வாங்கி, மிச்சத்தில் மவுத்பீஸும் எண்ணெயும் வாங்கி, ஸ்லைடுகளைப் பட்டறையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய யமஹா எதையாவது யாரேனும் நியாயமான விலைக்கு விற்றால், அதை வாங்கிப் பூசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கும்போது கடையில் மூன்று வால்வுகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி விட்டுப் பாருங்கள், சுருதி பார்க்கும் செயலியை மொபைலில் திறந்து வைத்து ஊதிப் பாருங்கள். ஊதத் தெரியாது என்றால் தெரிந்தவரை அழைத்துப் போங்கள். அப்பாவும் நானும் அப்படிப் போகவில்லை.

என் டிரம்பெட்டை நான் விற்கவில்லை. குழாயில் சேரும் நீரை வெளியேற்றும் வாட்டர் கீயின் கார்க் இரண்டு முறை மாற்றியாயிற்று, புனலில் ஒரு நசுங்கல் இருக்கிறது, லேக்கர் பாதி போய்விட்டது. ஜூனில் பள்ளி திறந்ததும் அது சித்தப்பா மகனிடம் போகிறது. அவன் எட்டாம் வகுப்பு. அதற்குள் முதல் வால்வின் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட வேண்டும். பெட்டியின் மூடிக்குள் ‘தேங்காயெண்ணெய் கூடாது’ என்று எழுதி ஒட்டிவிட்டேன்.